வாசகர் கேள்வி பதில்: ஐரோப்பாவில் ஊர் ஊராக

கேள்வி: மகள் பாரிசில் இருக்கிறாள். ஜூனில் நானும் கணவரும் மூன்று வாரம் போகிறோம். ஒரு வாரம் அவளோடு. பிறகு சுவிஸ், இத்தாலி என்று பிடித்த ஊரில் ஒருநாள் கூடுதலாக இருந்துவிட்டுப் போக ஆசை. விசாவுக்கோ எல்லா இரவுக்கும் தங்குமிடம் கேட்கிறார்கள். பின்பு மாற்றினால் பிரச்சினை வருமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: ஊரை மாற்றலாம், நாடுகளின் கணக்கைத் தலைகீழாக்கக் கூடாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கேட்க வேண்டும். நாட்கள் சமமானால், முதலில் நுழையும் நாடு. இத்தாலியில்தான் அதிக நாள் என்று இப்போதே மனதில் இருந்தால் இத்தாலிக்கே விண்ணப்பியுங்கள். எல்லையில் அதிகாரி கேட்டாலும் தடுமாற வேண்டியிராது.

மகள் வீட்டில் தங்கும் நாட்களுக்கு ஹோட்டல் வேண்டாம். விருந்தினரை வீட்டில் தங்கவைப்பதற்கான 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற சான்றிதழை அவர் தன் நகரசபையில் எடுத்து, மூலப்பிரதியை உங்களுக்கு அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் இழுபடக்கூடிய வேலை இது. ஆகவே இதை முதலில் தொடங்கச் சொல்லுங்கள். மற்ற இரவுகளுக்கு இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய அறைகளை எடுங்கள். ரத்துக்கான கடைசி நேரம் அந்த ஊர் மணிக்கூட்டின்படி. ஜூனில் ரோமில் மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 9.30.

விசா கைக்கு வந்ததும் ஸ்டிக்கரில் மூன்று இடங்களைப் பாருங்கள்: எந்தத் திகதியிலிருந்து எதுவரை, எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள். பலர் தவறுவது மூன்றாவதில். முதல் திகதியிலிருந்து கடைசித் திகதிவரை 36 நாள் இருக்கலாம். நாட்கள் என்ற இடத்தில் 21 என்றுதான் இருக்கும். அந்த 21தான் உங்களுடையது. இறங்கும் நாளும் புறப்படும் நாளும் அதற்குள் சேரும். 2025 ஒக்டோபரிலிருந்து நுழைவும் வெளியேற்றமும் கணினியில் பதிவாகத் தொடங்கிவிட்டதால், ஒருநாள் கூடினாலும் தெரிந்துவிடும். நாட்களில் இளக்கம் வேண்டுமானால் அதை விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும்: தங்குமிடம், லீவுக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத காப்புறுதி எல்லாவற்றையும் 25 நாளுக்குக் காட்டுங்கள். நுழைவு 01 என்றிருந்தால், இடையில் ஷெங்கனுக்கு வெளியே உள்ள லண்டன் போய்த் திரும்ப முடியாது.

கேள்வி: யூரெயில் பாஸ் இருந்தால் நினைத்த நேரம் நினைத்த ரயிலில் ஏறலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கும் ஒரே சீட்டுத்தான் யூரெயில் பாஸ். ஆனால் நினைத்தபடி ஏறுவது நாட்டைப் பொறுத்தது. நம் பாதையில் சீசன் கையில் இருந்தாலும் ரிசர்வ் பெட்டியில் ஏற முடியாதல்லவா, அதே வித்தியாசம் அங்கும் உண்டு. ஜேர்மனி, சுவிட்சர்லாந்து, ஒஸ்திரியா, நெதர்லாந்து நாடுகளுக்குள் ஓடும் பெரும்பாலான பகல் ரயில்களில் பாஸே போதும். காலையில் எழுந்து ஊரைத் தீர்மானிக்கலாம். பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோசா, ஸ்பெயினின் ஆவே, யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்களில் ஆசன ஒதுக்கீடு கட்டாயம், அதற்குத் தனிப் பணம். பாரிசிலிருந்து சுவிஸ் போகும் டிஜிவியில் பாஸ்காரர்களுக்கென்று வைத்திருக்கும் ஆசனங்கள் கொஞ்சம்தான். மற்ற ஆசனங்கள் காலியாக இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே அந்த ஒரு பயணத்தை மட்டும் இங்கிருந்தே ஒதுக்கிவிட்டு, மற்றதை விட்டுவிடுங்கள்.

சூரிச்சிலிருந்து மிலானோவுக்கு நேரடி ரயிலில் இடமில்லையா? எல்லையிலுள்ள கியாசோ வரை சுவிஸ் ரயில், அங்கிருந்து உள்ளூர் ரயில். நேரம் கூடும், ஒதுக்கீடு தேவையில்லை.

மூன்று வாரத்துக்கு, ஒரு மாதத்துக்குள் விரும்பிய 7 நாட்கள் பயணம் செய்யும் பாஸ் பொருத்தம். ரெயில் பிளானர் செயலியில் பாஸ் எண்ணை ஏற்றி, கடவுச்சீட்டு விவரத்தோடு இயக்க வேண்டும். ஏறுவதற்கு முன் அந்த ரயிலைச் சேர்த்து 'ஒன்' செய்தால்தான் பரிசோதகரிடம் காட்டும் குறியீடு வரும். செய்யாமல் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிதான். ஒரு பயண நாள் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இருபது நிமிட ஓட்டத்துக்காக அதை வீணாக்காமல் சாதாரண டிக்கெட் எடுங்கள். இரவு ரயிலுக்குப் புறப்படும் நாள் மட்டுமே கணக்கு. நள்ளிரவுக்குப் பின் வேறு ரயிலுக்கு மாறினால் இன்னொரு நாள் கழியும். நீண்ட பயணம் மூன்றோ நான்கோதான் என்றால், வாங்குமுன் தனி டிக்கெட் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஜேர்மனியில் மலிவு டிக்கெட் எடுத்தேன். முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: 'ஷ்பார்பிரைஸ்' எனும் இந்த மலிவு டிக்கெட் குறித்த ரயிலுக்கு மட்டுமே. ஆனால் சேரும் இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதம் என்று தெரிந்தாலே அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், அடுத்த ரயிலில் ஏறலாம். இரண்டு ரயிலும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கியிருந்தால் இந்த உரிமையை நம்ப முடியாது. 60 நிமிடம் பிந்தினால் கட்டணத்தில் 25 வீதம், 120 நிமிடமானால் 50 வீதம் திரும்பக் கேட்கலாம்.

கேள்வி: ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ் வந்து, அங்கே ஜெனிவா ரயில் பிடிக்க 40 நிமிடம் போதுமா?
– வாசகி, நாவலப்பிட்டி

பதில்: போதாது. இறங்குவது கார் து நோர் நிலையம், ஏறுவது கார் து லியோன் நிலையம். ஆர்இஆர் டி என்ற நகர ரயிலில் இரண்டாவது தரிப்பிடம்தான் என்றாலும், பெட்டியோடு படி இறங்கி, டிக்கெட் எடுத்து, மேடை தேடிப் போக ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணித்தியாலம் கிடைத்தால் கார் து நோரிலிருந்து நடந்து லா சப்பல் போய் நம்மவர் கடையில் சோறு சாப்பிட்டுவிட்டே வரலாம். ஜெனிவா போகும் டிஜிவியின் கதவு புறப்படும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே மூடிவிடும்.