பிரபுக்கள் சபையில் இருந்த ஹியூம் 1963-ல் பிரிட்டிஷ் பிரதமரானது எப்படி?

முதலில் பெயர்: எழுதுவது ‘ஹோம்’, சொல்வது ‘ஹியூம்’. அலெக் டக்ளஸ்-ஹியூம்.

பிரபு பிரதமராகக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. 1902-ல் விலகிய பிரதமர் சாலிஸ்பரி பிரபுக்கள் சபையில் இருந்தபடியே ஆட்சி நடத்தியவர்தான். அதற்குப் பிறகு அது நடைமுறைக்கு ஒவ்வாததாகிவிட்டது. நம்மூர் வங்கப் பிரிவினைப் புகழ் கர்சனுக்கு 1923-ல் பதவி கைநழுவியதற்கு அவர் பிரபுவாக இருந்ததும் ஒரு காரணம்.

ஹியூம் 1951 வரை மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் எம்.பி. அப்பா இறந்ததும் 14-வது ஹியூம் பிரபுவானார்; பிரபு அந்தச் சபையில் இருக்க முடியாது என்பதால் அவருடைய லானார்க் தொகுதி போய்விட்டது. பட்டம் வேண்டாம் என்று சொல்ல அன்று வழியே இல்லை.

வழி பிறந்தது 1963 ஜூலை 31-ல். லேபர் கட்சியின் டோனி பென் போராடிப் பெற்ற பட்டத் துறப்புச் சட்டம் அது. இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம்: அரசின் மசோதாப்படி அந்த உரிமை அடுத்த பொதுத்தேர்தலில் இருந்துதான் அமலாகியிருக்கும். ‘உடனே’ என்று திருத்தியது பிரபுக்கள் சபை. அந்தத் திருத்தம் இல்லாவிட்டால், அக்டோபரில் கன்சர்வேட்டிவ் பிரதமர் மேக்மில்லன் உடல்நலம் கெட்டு விலகியபோது ஹியூம் பெயர் அடிபட்டிருக்காது. ஏற்கெனவே பட்டம் வைத்திருந்தவர்களுக்கு 12 மாதக் கெடு. துறந்தால் வாழ்நாள் முழுக்கத் திரும்பக் கிடைக்காது.

அக்டோபர் 19-ல் பிரதமர். 23-ல் பட்டத்தைத் துறந்தார். நவம்பர் 7-ல் கின்ராஸ்-மேற்கு பெர்த்ஷயர் இடைத்தேர்தல். நடுவில் இரண்டு வாரம் எந்தச் சபையிலும் இல்லாத பிரதமர்! நாடாளுமன்றம் கூடுவதையே நவம்பர் 12-க்குத் தள்ளிவைத்தார்கள்.

பட்டத்தைவிட, அவரைத் தேர்ந்தெடுத்த விதம்தான் அவர் பெயரை அதிகம் கெடுத்தது என்பேன். வாக்கெடுப்பு கிடையாது, மூத்தவர்கள் ஆளாளுக்கு நாடி பிடித்துப் பார்த்துச் சொன்ன பெயர். சொந்தக் கட்சியின் மேக்லியோடும் ஈனாக் பவலும் அவருடைய அமைச்சரவையில் சேர மறுத்தார்கள். போதாததற்கு, பொருளாதார அறிக்கைகளைப் படிக்கும்போது தீக்குச்சிகளை அடுக்கிவைத்துத்தான் புரிந்துகொள்வதாக 1962-ல் ஒரு பேட்டியில் அவரே சொல்லியிருந்தார். எதிரே நின்றதோ பொருளாதாரம் படித்த லேபர் தலைவர் ஹெரால்ட் வில்சன், விடுவாரா? இத்தனைக்கும் 1964 அக்டோபர் தேர்தலில் லேபர் 317, கன்சர்வேட்டிவ் 304. கேலி செய்யப்பட்ட அளவுக்கு மோசமான தோல்வி இல்லை.

கட்சித் தலைவரை எம்.பி.க்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விதியை 1965-ல் கொண்டுவந்ததும் அவர்தான். அதன்படி முதலில் வென்ற ஹீத் பிரதமராக இருந்த 1970 முதல் 1974 வரை ஹியூம் வெளியுறவு அமைச்சராக இருந்தார். பிறகு ஆயுட்காலப் பிரபுவாகத்தான் பழைய சபைக்குத் திரும்ப முடிந்தது. துறந்த பட்டம் 1995-ல் அவர் இறந்ததும் மகனுக்குப் போனது.