நாலு இட்லி ஒன்றரை ஆனது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. நாற்பது வருடங்களுக்கு முன் அல்சருக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தவர். பீடியை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. நாலு இட்லி சாப்பிடுகிறவர், இரண்டு மாதமாக ஒன்றரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறார். மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். சித்தப்பா இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார். காரம்தான் காரணம் என்கிறார்கள். அப்பாவுக்கும் வருமா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: மிளகாய் மேல் பழி போட வேண்டாம். காரம் எரிச்சலைக் கூட்டும். புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது அந்தப் பழைய ஆபரேஷனைப் பற்றிய வரியை.

அந்தக் காலத்தில் அல்சருக்கு இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள், அல்லது சிறுகுடலை இரைப்பையோடு இணைத்துத் தைப்பார்கள். அப்புறம் பித்தநீர் எதிர்த்திசையில் ஏறி இரைப்பையின் உள்தோலை வருடக்கணக்கில் அரிக்கும். 15, 20 வருடம் கழித்துத்தான் அங்கே புற்றுநோய் அபாயம் கூடத் தொடங்கும். அதற்குள் 'அல்சர் போச்சு' என்று எல்லோரும் மறந்திருப்பார்கள்.

அல்சருக்குக் கவலையும் அமிலமும்தான் காரணம் என்று அப்போது நினைத்தோம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை 1982-ல்தான் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் கண்டுபிடித்தார்கள். 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றி, பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் தங்கும். முதுமையில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். கிருமி இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில், ஒரே பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். உடன்பிறந்தவருக்கு வந்திருந்தால் அபாயம் இரண்டு, மூன்று மடங்கு. கருவாட்டின் உப்பு கிருமிக்கு வழிவிடும். தினமும் என்பதை எப்போதாவது என்று மாற்றுங்கள். பீடியை விட்டது நல்லது, அதன் பலன் மெதுவாகத்தான் வரும்.

வருமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றரை இட்லியை வயதின் மேல் தள்ளிவிடாதீர்கள். இணைத்த இடத்தில் வெறும் புண்ணோ சுருக்கமோகூட இருக்கலாம், பார்த்தால்தானே தெரியும்? கேஸ் மாத்திரை புற்றுப்புண்ணின் வலியைக்கூடக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். இந்த வாரமே எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை, செய்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும். தொண்டை மரத்துப்போக ஸ்பிரே அடிப்பார்கள். பத்து நிமிட வேலை. மாத்திரை அட்டையை மறக்காமல் காட்டுங்கள். அது உடம்பில் இருக்கும்போது கிருமிப் பரிசோதனை சில சமயம் 'இல்லை' என்று பொய் சொல்லும். ரத்தசோகை இருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். மலம் தார் போலக் கறுத்தாலோ ரத்த வாந்தி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அப்பாவுக்குக் கிருமி இருந்தால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 14 நாள் மாத்திரையில் சரியாகிவிடும்.