ஓட்டல் மொட்டைமாடி பாருக்கு முதல் தடவை போகிறேன். அங்கே எப்படி இருக்கும்?

நண்பர்கள் ஓட்டல் மொட்டைமாடி பாருக்கு அழைத்திருக்கிறார்கள், இதற்குமுன் போனதில்லை, என்ன உடுத்துவது, பில் எப்படி வரும், குடிக்காதவன் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். வேலை நிமித்தம் ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான். தங்கும் ஓட்டலில் மாடியில் பார் இருந்தால் ஒரு எட்டு ஏறிப் பார்க்காமல் தூங்கப் போவதில்லை. குடி என்று பார்த்தால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதனால் எந்தக் காக்டெய்ல் நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்கே உட்காரலாம், எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டால் சொல்வேன். மேலே போகிறவர் காசு கொடுப்பது இடத்துக்கும் நேரத்துக்கும்தான், கிளாஸில் இருப்பதற்கு அல்ல.

முதல் தடவை நான் மாட்டிக்கொண்டது லிஃப்டில். உடன் வேலை பார்ப்பவர் மேலே காத்திருந்தார். நான் அந்த ஓட்டலில் தங்கவில்லை. கடைசிப் பொத்தானை அமுக்கினேன், விளக்கு எரிந்து உடனே அணைந்தது. மறுபடி அமுக்கினேன், மறுபடி அணைந்தது. அதற்குள் லிஃப்ட் தானாகக் கிளம்பி நான்காவது மாடிக்குப் போனது. குளியல் துண்டோடு ஒருவர் ஏறினார், நீச்சல் குளம் இருந்த மாடியில் இறங்கிப் போனார். லிஃப்ட் என்னைப் பத்திரமாகத் திரும்ப லாபிக்கே கொண்டுவந்து விட்டது. அறைச் சாவி அட்டையைக் காட்டினால்தான் மேல் மாடிகளுக்கு லிஃப்ட் போகும் என்று பிறகுதான் தெரிந்தது. வெளியாட்களுக்கு இன்னொரு மூலையில் தனி லிஃப்ட் இருந்தது. ஆகவே லாபியில் நுழைந்ததும் கூச்சப்படாமல் ரிசப்ஷனில் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் லிஃப்ட் வாசலிலேயே ஒரு மேசை போட்டுப் பெயர் சரிபார்ப்பார்கள். அடையாள அட்டையும் கேட்கலாம். குடிக்கச் சட்டம் அனுமதிக்கும் வயது ஒரு நாட்டில் 18, இன்னொரு நாட்டில் 20, வேறொன்றில் 21. தலை நரைத்தவரிடமும் சம்பிரதாயத்துக்குக் கேட்பவர்கள் உண்டு.

வயதானவரோ சக்கர நாற்காலியில் வருபவரோ உடன் இருந்தால் ஒரு விஷயம். சில கட்டடங்களில் லிஃப்ட் மொட்டைமாடிவரை போகாது, ஒரு தளம் கீழேயே நின்றுவிடும். மிச்சம் படிக்கட்டு. கழிப்பறையும் பெரும்பாலும் அந்தக் கீழ்த்தளத்தில்தான். முன்பே ஃபோன் போட்டுக் கேட்பது நல்லது.

இப்போது இடம். பதிவு செய்துவிட்டால் கைப்பிடிச் சுவரோரத்து டேபிள் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொள்வோம். அப்படியில்லை. பதிவு என்பது உள்ளே விடுவதற்கான உத்தரவாதம், அவ்வளவுதான். ஓரத்து உயர டேபிள்கள், கும்பலாக வருபவர்களுக்கான சோபாக்கள், பார் கவுண்டர், நின்றபடி குடிக்கும் இடம் என்று மாடி பிரிந்திருக்கும். பாதிக்குக் கூரை இருக்கும், பாதி திறந்தவெளி. பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: ஓரத்து டேபிளா, மேற்கு பார்த்ததா, எவ்வளவு நேரம் உட்காரலாம். ஒன்றரை மணியோ இரண்டு மணியோ ஆனதும் எழுந்திருக்கச் சொல்லும் இடங்கள் நிறைய.

மூன்றையும் கேட்டேன், ஆனாலும் ஒருமுறை ஏமாந்தேன். கிடைத்தது ஓரத்து டேபிள்தான், மேற்கு பார்த்ததுதான். முதுகுக்குப் பின்னால் கொடி படர்ந்த அழகான மரத்தட்டி. உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் தட்டிக்குப் பின்னாலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் ஆரம்பித்தது. கூடவே பொரித்த எண்ணெய் வாடையோடு சூடான மூச்சு. எட்டிப் பார்த்தால் சமையலறைப் புகைபோக்கி, பக்கத்திலேயே குளிர்சாதன எந்திரங்கள் வரிசையாக! கட்டடத்துக்கு மொட்டைமாடி என்பது முதலில் எந்திரக் கொல்லை. தண்ணீர்த் தொட்டி, ஏசி, ஜெனரேட்டர் புகைக்குழாய் எல்லாம் அங்கேதான் இருக்கும். மிஞ்சிய இடத்தில்தான் பார். செடியும் தட்டியும் எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் பிடிக்கவில்லை என்றால் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே மாற்றச் சொல்லிவிட வேண்டும். பில் ஆரம்பித்துவிட்டால் அவர்களும் நெளிவார்கள், நாமும் 'சரி, பரவாயில்லை' என்று சொல்லிவிடுவோம். நான் சொன்னேன். எண்ணெய் வாடை சட்டையில் மறுநாள்வரை இருந்தது.

ஒருவராகவோ இருவராகவோ போனால் என் ஓட்டு பார் கவுண்டருக்குத்தான். காற்று குறைவு, கேட்டது சீக்கிரம் வரும், பார்டெண்டரிடம் நாலு வார்த்தை பேசலாம். காட்சி வேண்டும் என்று தோன்றும்போது எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாமே.

நேரத்துக்கு வருகிறேன். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் போங்கள். எட்டு மணிக்குப் போனால் கீழே புள்ளி புள்ளியாக விளக்கு மட்டும்தான். அதை விமான ஜன்னலிலேயே பார்த்திருப்பீர்கள். எல்லாரும் சூரியன் அடிவானத்தைத் தொடும் நிமிடத்தைப் படம் எடுத்துவிட்டு மெனுவில் தலையை விட்டுவிடுகிறார்கள். நல்ல நேரம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வானத்தில் இன்னும் நீலம் இருக்கும், ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாக வரும். இரண்டும் சம வெளிச்சத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும்வரை உள்ள அந்தி அது. பூமத்தியரேகைப் பக்கம் இருபது சொச்சம் நிமிடத்தில் முடிந்துவிடும், துருவத்தை நெருங்க நெருங்கக் கோடையில் நீண்டுகொண்டே போகும். அந்த இருபது நிமிடத்தில் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

உயரத்தில் சூரியனே கொஞ்சம் தாமதமாகத்தான் மறையும். 100 மீட்டர் உயரத்தில் நின்றால் அடிவானம் சுமார் 36 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. கீழே தெருவில் இருப்பவரைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் கூடுதலாகச் சூரியனைப் பார்ப்பீர்கள். 2011 ரமலானில் துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 80ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடம் கழித்தும், 150க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடம் கழித்தும் நோன்பு திறக்க வேண்டும் என்று அறிவித்தார்கள், இந்தக் காரணத்தால்தான்.

அடுத்தது காற்று. முதல் தடவை போகிறவர்கள் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. தடை இல்லாத வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அடிக்கும் காற்று 100 மீட்டரில் ஏறத்தாழ 1.4 மடங்கு வேகமாகிவிடும். போதாக்குறைக்குக் கட்டடத்தின் முகத்தில் மோதிய காற்று மேலேறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி நம் டேபிளில் விழும். உயரம் கூடுவதால் மட்டும் குளிர் பெரிதாகக் கூடிவிடாது, 100 மீட்டருக்கு ஒரு டிகிரிகூடக் குறையாது. உடம்பை ஒட்டி இருக்கும் வெதுவெதுப்பைக் காற்று உருவிக்கொண்டு போவதால்தான் நடுங்குகிறோம். குடித்தால் சூடாகும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் விரிவதால் சூடாகத் தோன்றும், உண்மையில் உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். காளான் மாதிரி நிற்கும் கேஸ் ஹீட்டர் முன்பக்கத்தை மட்டும் காய்ச்சும், முதுகு சில்லென்றே இருக்கும். காற்று பலமானால் அதையும் அணைத்துவிடுவார்கள். கீழே புழுக்கமாக இருந்தாலும் ஒரு சால்வையோ மெல்லிய ஜாக்கெட்டோ கையில் இருக்கட்டும்.

உடுப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 'ஸ்மார்ட் கேஷுவல்' என்று போட்டிருந்தால் காலர் வைத்த சட்டை, முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ போதும். ரப்பர் செருப்பு, அரை டிரவுசர், விளையாட்டு பனியன் இவற்றோடு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். பெண்களுக்கு ஒரு வார்த்தை: தரையில் மரப்பலகை பதித்திருந்தால் ஊசி ஹீல்ஸ் இடுக்கில் மாட்டும். காற்றில் பறக்கும் பாவாடையை இரண்டு மணி நேரம் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருப்பதும் கொடுமை என்று என் மனைவி சொல்வாள்.

மின்னல் வெட்டினாலோ காற்று எல்லை மீறினாலோ திறந்தவெளியை மூடிவிடுவார்கள். அப்படி நடந்தால் உள்ளே இடம் தருவார்களா, முன்பணம் திரும்ப வருமா என்று பதிவின்போதே கேளுங்கள்.

பில். இங்கேதான் முகம் சுருங்கும். கவர் சார்ஜும் மினிமம் ஸ்பெண்டும் ஒன்றல்ல. கவர் சார்ஜ் என்பது நுழைவுக் கட்டணம், பல இடங்களில் போனது போனதுதான். சில இடங்களில் பானத்தில் கழிப்பார்கள். மினிமம் ஸ்பெண்ட் என்றால் இவ்வளவுக்குக் குறையாமல் வாங்க வேண்டும்; அது தலைக்கா, டேபிளுக்கா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அது அச்சுப்பிழை அல்ல. ஒன்று சர்வீஸ் சார்ஜ், ஒன்று வரி. இரண்டும் அந்த விலைக்கு மேலே ஏறும். சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே போட்டிருந்தால் டிப்ஸ் உங்கள் இஷ்டம். அங்கேயே தங்கியிருப்பவர்கள் அறைக் கணக்கில் எழுதச் சொல்வது வசதிதான். ஆனால் கையெழுத்துப் போடுமுன் வரிவரியாகப் படியுங்கள். நான் ஒருமுறை படிக்காமல் போட்டுவிட்டு, பக்கத்து டேபிளின் இரண்டு பியருக்கும் சேர்த்துக் கட்டினேன்.

குடிக்க எதை வாங்கினாலும் காற்றை நினைத்து வாங்குங்கள். நீளக் காம்பு வைத்த கிளாஸ் சாய்ந்துவிடும். வாசனையை நம்பிச் செய்த பானத்தின் வாசனை மூக்குக்கு வருவதற்குள் பறந்துவிடும். சின்னச் சின்ன ஐஸ் துண்டுகள் கண்ணிமைப்பதற்குள் கரைந்து பானத்தைத் தண்ணீராக்கும். குட்டையான, அடி கனத்த கிளாஸில் ஒரே பெரிய ஐஸ் கட்டி போட்டுத் தருவது மேலே நன்றாக நிற்கும். கிளாஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் முகம் சுளிக்காதீர்கள், கீழே தெருவில் ஆட்கள் நடக்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலும் சமையலறை பல தளம் கீழே இருக்கும், பொரித்தது லிஃப்ட் ஏறி வருவதற்குள் நமுத்துவிடும். பசியோடு போகாதீர்கள்.

குடிக்காதவர் தாராளமாகப் போகலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், எல்லாருடைய கண்ணும் வெளியே இருக்கும். மாக்டெய்ல்கள் பெரும்பாலும் சர்க்கரைப் பாகு; அதற்கு எலுமிச்சை பிழிந்த சோடாவே மேல். மினிமம் ஸ்பெண்ட் மட்டும் உங்களுக்கும் உண்டு. குடிப்பவர்களுக்கு: கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது ஏறத்தாழ ஒரு சின்ன பெக் அளவு மது. பழச்சாறு வாசத்தோடு வரும் ஒரு காக்டெய்லுக்குள் அப்படி இரண்டு பெக் ஒளிந்திருக்கலாம். நடுநடுவே தண்ணீர் கேட்டு வாங்குங்கள்.

இந்த மொட்டைமாடி மோகம் நேற்று முளைத்ததல்ல. குளிர்சாதனம் வருவதற்கு முன், 1880களிலேயே நியூயார்க்கில் நாடக அரங்கின் கூரையில் தோட்டம் போட்டுவிட்டார்கள். கோடையில் உள்ளே வெந்துபோன கூட்டத்தை மேலே ஏற்றி, பாட்டும் பானமும் கொடுத்தார்கள்.

உயரம் பயமென்றால் கட்டடத்தின் நடுப்பக்கம் முதுகு கொடுத்து உட்காருங்கள். கைப்பிடி கண்ணாடியாக இருந்தால் அதை ஒட்டி நிற்கவே வேண்டாம், யாரும் கேட்கப் போவதில்லை. படம் எடுக்க ஃபிளாஷ் உதவாது. ஃபோன் லென்ஸைத் துடைத்துவிட்டு வெளிச்சமான இடத்தைத் திரையில் தொட்டு எடுங்கள்.

கைப்பிடிச் சுவர்மேல் எதையும் வைக்காதீர்கள். ஒரு பெண் ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் போன பரிமாறுபவர் நிற்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்தபடியே ஃபோனை எடுத்து அவருடைய டேபிளில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். ஒரு மாலையில் எத்தனை ஃபோன்களை அப்படி எடுத்து வைப்பாரோ.

கிளம்பும்போது லாஸ்ட் ஆர்டர் முடிந்து எல்லாரும் எழுவதற்குப் பத்து நிமிடம் முன்பே எழுந்துவிடுங்கள், லிஃப்டுக்கு வரிசை நிற்கும். இறங்குவதற்கு அட்டை எதுவும் தேவையில்லை.