வைஃபை எட்டாத மாடிகள்: கேள்வி-பதில்

கேள்வி: மூன்று மாடிக் கட்டடம், ரவுட்டர் தரைத்தளத்தில். மேலே ரிப்பீட்டர் போட்டேன். சிக்னல் கோடு முழுசாகக் காட்டுகிறது, வேகம் பாதிகூட இல்லை. ரிப்பீட்டர் பழுதா?

பதில்: பழுதில்லை, அதன் சுபாவமே அதுதான். ஒற்றை ரேடியோ ரிப்பீட்டர், ரவுட்டரிடம் வாங்குவதை அதே சேனலில் மறுபடி போனுக்கு அனுப்ப வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் முடியாது, வேகம் பாதியாகிவிடும். நீங்கள் பார்க்கும் கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ளவை. ரிப்பீட்டருக்கு ரவுட்டர் எப்படிக் கிடைக்கிறது என்பதை அவை காட்டாது. சிக்னலே வராத அறையில் ரிப்பீட்டரைச் செருகியிருந்தால் அது எதைத் திருப்பி அனுப்பும்? பாதி வழிக்கு இறக்கிப் பாருங்கள்.

நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் ஒரு கேட்6 கேபிளை மேலே இழுத்து, முனையில் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) மாட்டுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகலாம். பிஓஇ சுவிட்ச் இருந்தால் அதே கேபிளில் கரண்டும் போய்விடும். சீலிங்கில் பிளக் பாயின்ட் தேட வேண்டாம்.

கேள்வி: மெஷ் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பல பெட்டிகள்) வாங்கினால் கேபிள் தேவையில்லைதானே?

பதில்: பெட்டிகள் தங்களுக்குள் பேச தனி ரேடியோ உள்ள ட்ரை-பேண்ட் மாடல் என்றால் சமாளிக்கும். இரண்டு கான்கிரீட் தளம் தாண்ட வேண்டுமென்றால் மெஷ்ஷுக்கும் கேபிள் கொடுப்பதே என் கட்சி.

கேள்வி: பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக்கலாமா?

பதில்: ஆக்கலாம். முதல் ரவுட்டரின் ஐபி முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள், அந்த எண் முதல் ரவுட்டர் பிறருக்கு வழங்கும் வரிசையில் இருக்கக் கூடாது. பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி வழங்கும் வசதி) அணைத்துவிட்டு, கேபிளை வான் (WAN, வெளி இணையம் வரும்) போர்ட்டில் அல்ல, லேன் (LAN, வீட்டுச் சாதனங்களுக்கான) போர்ட்டில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டியும் முகவரி வழங்கி, சிலருக்கு நெட் வரும், சிலருக்கு வராது. கேபிள் மீது சந்தேகப்பட்டே நாள் போய்விடும்.

கேள்வி: ஒவ்வொரு தளத்திலும் ஆக்சஸ் பாயின்ட், எல்லாமே ஃபுல் பவரில். ஆனாலும் நடந்துகொண்டே வீடியோ காலில் பேசினால் அறுந்துவிடுகிறது.

பதில்: அந்த ஃபுல் பவர்தான் வினை. எப்போது மாறுவது என்று தீர்மானிப்பது போன். தூரத்துப் பெட்டி உரக்கக் கேட்கும்வரை அதையே பிடித்துத் தொங்கும். ஆனால் போனின் பவர் குறைவு, அது பதில் சொல்வது அந்தப் பெட்டிக்கு எட்டாது. பவரைக் குறையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே பாதுகாப்பு வகை இருக்கட்டும். வேகமாகக் கைமாற 802.11ஆர் என்ற வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள். சில பழைய சாதனங்கள் அதோடு முரண்டு பிடிக்கும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மட்டும். 3 காலியாகத் தெரிகிறதே என்று போட்டால் அது இரண்டு பக்கமும் மேலே படிந்து 1-உம் கெடும், 6-உம் கெடும்.

கேள்வி: லிஃப்ட் பக்கத்து அறையில் மட்டும் சிக்னல் இல்லை.

பதில்: நடுவில் நிற்பது இரும்புக் கூண்டும் கான்கிரீட்டும். ஊடுருவ முயலாமல் அந்தப் பக்கமே ஒரு ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள்.