ஆங்கில நிகழ்காலத்துக்கு நான்கு வடிவம்: எந்த இடத்தில் எது?

கேள்வி இது: "தமிழில் 'செய்கிறேன்' என்ற ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் மட்டும் ஏன் நான்கு? விதிகளை மனப்பாடம் செய்தும் பேசும்போது தப்பு வருகிறதே, எப்படிச் சரிசெய்வது?"

தமிழ் வினையைப் பார்த்து ஆங்கில வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதால்தான் பெரும்பாலான தப்புகள் வருகின்றன. 'கிறு', 'கின்று' கண்ணில் பட்டதும் வாய் தானாக 'ஐ.என்.ஜி.'யைச் சேர்த்துவிடுகிறது. வினையை விடுங்கள். வாக்கியத்தில் உள்ள காலச் சொல்லைப் பாருங்கள். காலச் சொல் இல்லையென்றால் மனதுக்குள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

'அவர் பாடம் எடுக்கிறார்' என்பதை எடுத்துக்கொள்வோம். தினமும் எடுக்கிறார் என்றால் 'ஷி டீச்சஸ்'. இந்த நிமிடம் வகுப்பில் நிற்கிறார் என்றால் 'ஷி இஸ் டீச்சிங்'. மூன்று வருடமாக எடுக்கிறார் என்றால் 'ஷி ஹேஸ் பீன் டீச்சிங் ஃபார் த்ரீ இயர்ஸ்'. இதுவரை நாற்பது பாடம் எடுத்திருக்கிறார் என்றால் 'ஷி ஹேஸ் டாட் ஃபார்ட்டி லெசன்ஸ்'. முதல் மூன்றுக்கும் தமிழில் 'எடுக்கிறார்' போதும். நாலாவதில்தான் வினையே மாறுகிறது.

முதலில் சிம்பிள் பிரசன்ட். வழக்கம், நிலையான உண்மை, மாறாத நிலைமை எல்லாம் இதில் அடங்கும். வினைச்சொல்லை அப்படியே போட வேண்டும்; 'ஹி, ஷி, இட்' அல்லது ஒருமைப் பெயர் வந்தால் மட்டும் 'எஸ்' சேரும். 'வாஷ், வாட்ச், ஃபிக்ஸ், பாஸ், கோ' போன்றவற்றுக்கு 'இ.எஸ்.'. 'ஸ்டடி'யில் 'ஒய்'க்கு முன்னால் மெய்யெழுத்து இருப்பதால் அந்த 'ஒய்' 'ஐ' ஆகி 'இ.எஸ்.' சேரும். 'ப்ளே'யில் 'ஒய்'க்கு முன்னால் உயிரெழுத்து இருக்கிறது, அதனால் வெறும் 'எஸ்'. 'ஹேவ்' மட்டும் 'ஹேஸ்' ஆகும்.

இதில் யாரும் சொல்லித்தராத சிக்கல் ஒன்று உண்டு. தமிழில் வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். 'அவர் காலையில் ஐந்து மணிக்கு எழுவார்', 'சூரியன் கிழக்கே உதிக்கும்', 'எனக்கு அவரைத் தெரியும்'. பார்வைக்கு எதிர்காலம், பொருளில் நிகழ்காலம். அப்படியே மாற்றினால் 'ஹி வில் கெட் அப் அட் ஃபைவ்' என்று வரும். கேட்பவருக்கு அது நாளைக்கு ஐந்து மணிக்கு எழுவார் என்று போய்ச்சேரும். சரியானது 'ஹி கெட்ஸ் அப் அட் ஃபைவ்'. மறுப்பிலும் இதே கதைதான். 'அவர் காபி குடிக்க மாட்டார்' என்பது வழக்கமாக இருந்தால் 'ஹி டஸ் நாட் டிரிங்க் காபி'. 'வில் நாட்' போட்டால், கொடுத்தாலும் மறுக்கிறார் என்ற தொனி வந்துவிடும்.

'டஸ்' வந்ததும் வினையிலிருந்து 'எஸ்' இறங்கிவிட வேண்டும். 'ஷி டஸ் நாட் கோஸ்' என்பதில் ஒரே வாக்கியத்தில் இரண்டு இடத்தில் 'எஸ்' உட்கார்ந்திருக்கிறது. ஒருமைக்கு ஒரு 'எஸ்' போதும், அதை 'டஸ்' வாங்கிக்கொண்டுவிட்டது. 'ஹி டோன்ட் நோ' இதற்கு நேரெதிர்: அங்கே 'எஸ்' எங்குமே இல்லை. கேள்விக்கும் இதே கணக்கு, 'டஸ் ஷி கோ?'. தமிழில் கடைசியில் ஒரு 'ஆ' சேர்த்தால் கேள்வி பிறந்துவிடும். ஆங்கிலத்தில் துணைவினை எழுந்து எழுவாய்க்கு முன்னால் வர வேண்டும். அதனால் 'வாட் யூ ஆர் டூயிங்?' தவறு, 'வாட் ஆர் யூ டூயிங்?' சரி.

அடுத்து பிரசன்ட் கன்டினியுவஸ். 'ஆம், இஸ், ஆர்' இவற்றில் ஒன்று, அதோடு 'ஐ.என்.ஜி.' வினை. இப்போது நடப்பதற்கும், தற்காலிகமாக நடப்பதற்கும். இந்த வாரம் மட்டும் நண்பர் வீட்டில் தங்கியிருந்தால், பேசும் நேரத்தில் நீங்கள் கடையில் நின்றாலும் 'ஐ ஆம் ஸ்டேயிங் வித் எ ஃபிரெண்ட்' தான். எழுத்துக்கூட்டலில் மூன்று இடம் கவனிக்க வேண்டும். 'மேக்' கடைசி 'இ'யை விட்டு 'மேக்கிங்' ஆகும். 'ரன்', 'சிட்' கடைசி எழுத்தை இரட்டிக்கும். 'டை' என்ற வினையில் 'ஐ.இ.' போய் 'ஒய்' வரும். இரண்டசைச் சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் இருந்தால்தான் இரட்டிக்கும்: 'பிகின்' இரட்டிக்கும், 'ஓப்பன்' இரட்டிக்காது. 'டிராவல்', 'கேன்சல்' போன்றவை பிரிட்டிஷ் எழுத்தில் இரட்டை 'எல்', அமெரிக்க எழுத்தில் ஒற்றை.

'ஐ.என்.ஜி.' ஏறாத வினைகளும் இருக்கின்றன. 'நோ, அண்டர்ஸ்டாண்ட், பிலீவ், வான்ட், நீட், ஓன், பிலாங்' போன்றவை செயலைக் காட்டுவதில்லை, நிலையைக் காட்டுகின்றன. 'ஐ ஆம் நாட் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' இரண்டும் தப்பு. ஆனால் 'ஹேவ்' என்பதை மொத்தமாகப் பூட்டி வைத்துவிடாதீர்கள். உடைமையைச் சொன்னால் 'ஐ ஹேவ் எ கார்'. சாப்பிடுவதைச் சொன்னால் 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' முழுக்கச் சரி. 'திங்க்' வினையும் அப்படித்தான். கருத்து சொல்லும்போது 'ஐ திங்க் ஹி இஸ் ரைட்', யோசித்துக்கொண்டிருக்கும்போது 'ஐ ஆம் திங்கிங் அபவுட் இட்'. பொருளை வைத்து முடிவெடுங்கள், பட்டியலை வைத்து அல்ல.

பிரசன்ட் பெர்ஃபெக்ட் தமிழருக்குக் கஷ்டமாக இருக்கவே கூடாது, ஏனென்றால் 'வந்திருக்கிறார்' என்பது ஏறக்குறைய அதேதான்: 'ஹி ஹேஸ் கம்'. 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்', அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். முடிந்துபோன காலச் சொல் சேரும்போதுதான் உதைக்கிறது. 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்பது தமிழில் இயல்பு. 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' ஆங்கிலத்தில் நிற்காது. 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'டூ டேஸ் அகோ', 'இன் 2019' எது வந்தாலும் 'ஹி கேம்' தான். இதற்கு மாறாக 'ஜஸ்ட், ஆல்ரெடி, யெட், எவர், நெவர்' இந்த வடிவத்தோடு நன்றாகச் சேரும். அமெரிக்கர்கள் 'ஐ ஜஸ்ட் ஏட்' என்றும் சகஜமாகச் சொல்வார்கள், அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

இன்னொரு கண்ணி 'வரவில்லை'. இந்த ஒரு சொல் மூன்று காலத்துக்கும் ஓடும்.

'அவர் நேற்று வரவில்லை': 'ஹி டிட் நாட் கம் யெஸ்டர்டே'.
'அவர் இன்னும் வரவில்லை': 'ஹி ஹேஸ் நாட் கம் யெட்'.
'நாளைக்கு நான் வரவில்லை': 'ஐ ஆம் நாட் கம்மிங் டுமாரோ'.

நேற்று, இன்னும், நாளைக்கு. காலச் சொல்தான் வடிவத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கிறது.

கடைசி வடிவம் பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். 'ஹேவ் பீன்' அல்லது 'ஹேஸ் பீன்', அதோடு 'ஐ.என்.ஜி.' வினை. இங்கே ஒரு பிரபலமான தப்பைப் பிரித்துப் பார்க்கலாம்: 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'. 'ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்' என்பதன் நேர்ப் பெயர்ப்பு. இதில் இரண்டு பழுது. 'ஆம் வொர்க்கிங்' இந்த நாட்களை மட்டும் காட்டுகிறது, ஐந்து வருட நீளம் அதற்குள் அடங்காது. அதனால் 'ஹேவ் பீன் வொர்க்கிங்'. அடுத்து, 'சின்ஸ்' தொடங்கிய புள்ளியைக் கேட்கும். 'ஃபைவ் இயர்ஸ்' புள்ளி அல்ல, நீளம். நீளத்துக்கு 'ஃபார்'. ஆக, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. வருடத்தைச் சொன்னால் 'சின்ஸ் 2019'. எளிய சோதனை: தமிழில் 'இருந்து' வந்தால் 'சின்ஸ்', 'ஆக' வந்தால் 'ஃபார்'. 'காலையிலிருந்து', 'இரண்டு மணி நேரமாக'. 'இருந்து' என்றதும் 'ஃப்ரம்' போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இன்னும் தொடர்ந்து நடப்பதற்கு 'சின்ஸ்' தான்.

'நோ' போன்ற நிலை வினைகள் இங்கேயும் 'ஐ.என்.ஜி.' ஏற்காது. 'அவரைப் பத்து வருடமாகத் தெரியும்' என்பது 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்'. தமிழில் 'தெரியும்', பார்வைக்கு எதிர்காலம், ஆங்கிலத்தில் பெர்ஃபெக்ட். நேர்ப் பெயர்ப்பு இதைவிட மோசமாகக் கவிழும் இடம் அதிகம் இல்லை.

நிகழ்கால வடிவங்கள் எதிர்காலத்துக்கும் போகும். அச்சிட்ட கால அட்டவணைக்கு சிம்பிள் பிரசன்ட்: 'தி டிரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ'. பேசி முடிவான சந்திப்புக்கு கன்டினியுவஸ்: 'ஐ ஆம் மீட்டிங் ஹர் ஆன் மண்டே'. 'வென், இஃப், அன்டில்' தொடங்கும் துணை வாக்கியத்தில் மட்டும், எதிர்காலமே பொருளானாலும், 'வில்' நுழையக் கூடாது. 'அவர் வரும்போது சொல்கிறேன்' என்றால் 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்'. 'வென் ஹி வில் கம்' என்று பழகிய வாய் திருந்தக் கொஞ்ச நாளாகும். எழுதும்போது 'வென்' பக்கத்தில் 'வில்' நிற்கிறதா என்று ஒரு முறை தேடிப் பார்த்தாலே பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும்.