பாசிட்டிவ் வந்தால் நோயா?

அன்புள்ள ஐயா,

மருத்துவம் படிக்கிறேன். உடற்கூறியலும் உடலியங்கியலும் எதற்கென்று புரிகிறது. நோய்ப்பரவியலும் புள்ளியியலும் தேர்வுக்காக உருப்போடும் பாடங்களாகவே இருக்கின்றன. ஒரு கணக்கில் பரிசோதனையின் சென்சிடிவிட்டி 90 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி 95 சதவீதம். நோய் இருப்பவர்கள் 100க்கு ஒருவர். பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க 15 சதவீதம்தான் வாய்ப்பு என்று விடை வருகிறது. எங்கே இடிக்கிறது?

கௌ.

அன்புள்ள கௌ.,

விடை சரி. நோயாளிகள் 100 பேரைச் சோதித்தால் 90 பேருக்கு பாசிட்டிவ் காட்டும் என்பதே சென்சிடிவிட்டி. நோயில்லாத 100 பேரில் 95 பேருக்கு நெகட்டிவ் காட்டும் என்பது ஸ்பெசிஃபிசிட்டி. பாசிட்டிவ் வந்த 100 பேரில் எத்தனை பேர் நோயாளிகள் என்பது வேறு கேள்வி. பின்னத்தின் கீழே நிற்கும் எண்ணே மாறிவிடுகிறது. இந்தப் பாடத்தின் பாதிக் குழப்பம் அங்கேதான்.

சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு ஆட்களை எண்ணுங்கள். 10,000 பேரில் நோயாளிகள் 100. அவர்களில் 90 பேருக்கு பாசிட்டிவ், 10 பேர் நழுவிவிடுகிறார்கள். நோயில்லாதவர்கள் 9,900, அதில் 5 சதவீதம், அதாவது 495 பேருக்குப் பொய்யாக பாசிட்டிவ். மொத்தம் 585 பாசிட்டிவ், அதில் உண்மையானது 90. அதுதான் உங்கள் 15 சதவீதம். ஐந்து சதவீதத் தவறு சிறியதுதான். அது விழும் கூட்டம் பெரியது.

இதே பரிசோதனையை, அறிகுறிகளோடு வருபவர்களில் 20 சதவீதத்தினருக்கு நோய் இருக்கும் ஒரு புறநோயாளிப் பிரிவில் செய்யுங்கள். 10,000 பேருக்கு உண்மை பாசிட்டிவ் 1,800, பொய் 400. வாய்ப்பு 82 சதவீதத்தைத் தொடுகிறது. கருவி அதே, ரசாயனம் அதே. நோயாளியிடம் கேட்ட வரலாறும் தொட்டுப் பார்த்த பரிசோதனையும்தான் 1 சதவீதக் கூட்டத்திலிருந்து அவரை 20 சதவீதக் கூட்டத்துக்கு நகர்த்தின. அறிகுறியே இல்லாதவருக்கு ‘எதற்கும் பார்த்துவிடலாம்’ என்று எழுதித் தரும் சீட்டு எனக்கு உவப்பில்லாதது இதனால்தான்.

நெகட்டிவ் பக்கம் நிலைமை வேறு. முதல் கணக்கில் நெகட்டிவ் வந்த 9,415 பேரில் நோயுள்ளவர்கள் 10 பேர் மட்டுமே. ஆனால் அரிய நோயில் எந்தச் சுமாரான பரிசோதனையும் இப்படி அழகாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

பாசிட்டிவ் வந்தால் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்வது பலரின் பழக்கம். மாதிரி மாறிப்போனது போன்ற கைத்தவறு என்றால் அது பிடிபடும். ரத்தத்திலுள்ள வேறொரு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) குறுக்கே வினைபுரிந்து வந்த பொய் என்றால் இரண்டாம் முறையும் அதே பொய்தான் வரும். உறுதிசெய்ய வேறு முறையில் இயங்கும், ஸ்பெசிஃபிசிட்டி கூடிய பரிசோதனை வேண்டும்.

உயிர்வேதியியலில் நீங்கள் படிக்கும் ‘இயல்பு அளவு’ கூட இதே கணக்கில் பிறந்ததுதான். பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதத்தினரின் அளவையே இயல்பு என்று வரையறுக்கிறார்கள். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை நலமாக இருப்பவருக்குச் செய்தால், குறைந்தது ஒன்றாவது எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், பிறகு ஊசி வைத்துத் திசு எடுத்தல் என்று போகிறவர்களும் உண்டு.

நோய் 1,000க்கு ஒருவருக்கு என்று வைத்து முதல் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்குக் கீழே வரவில்லையென்றால் எங்கோ கூட்டல் பிழை.