ஒரு படைப்பின் பொருளை வாசகரும் சேர்ந்து உருவாக்குகிறார் என்றால் என்ன?

எழுதியவர் சொல்லாமல் விட்ட இடத்தை வாசகர் தன் அனுபவத்தால் நிரப்புவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். எந்த எழுத்தாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது.

எங்கள் தர்மபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் நெல்லிக்கனியின் பயனை மனதுக்குள் மறைத்து ஔவைக்குக் கொடுத்ததைப் புறநானூற்றின் 91ஆம் பாடல் சொல்கிறது. ஏன் மறைத்தான்? அது பாட்டில் இல்லை. பள்ளியில் படித்தபோது எனக்கு அது வெறும் வள்ளல்தன்மை. அப்புறம் ஒருநாள், "எனக்குப் பசிக்கல" என்று அம்மா கடைசிக் களி உருண்டையை என் தட்டில் வைத்தபோதுதான் விளங்கியது. உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

வாசிப்பும் களி மாதிரிதான். கிண்டியது ஒரே கை. ருசி அவரவர் ஊற்றிக்கொள்ளும் குழம்பைப் பொறுத்தது.

அதற்காக வாய்க்கு வந்ததெல்லாம் பொருளாகிவிடாது: அதியமான் வேண்டாவெறுப்பாகக் கொடுத்தான் என்றால், அவனை நிலைத்து வாழ்க என்று வாழ்த்தும் அந்தப் பாட்டே ஒத்துக்கொள்ளாது.